வெளிச்சம் கசிந்த காடு

சூரியனை அணைத்துவிட வேண்டும் என்று ஒரு கமிட்டி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது என்று சொன்னால், அது எந்த ராஜாவின் தேசத்தில் என்று கேட்பீர்கள். ஏழு மலையும் ஏழு கடலும் தாண்ட வேண்டியதில்லை. லஸ்ஸில் டிராமை விட்டு இறங்கி, கச்சேரி ரோடு வழியாகச் சமுத்திரத்தைப் பார்க்க நடந்தால் போதும். காலமும் வெகு தூரத்தில் இல்லை, 1942ஆம் வருஷம்தான். ஜப்பான்காரன் இன்றைக்கு வந்து குண்டு போடுவான், நாளைக்கு வந்து போடுவான் என்று சென்னைப் பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை முடிச்சுகளோடு ஊர்களுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். மீதிப் பேர் விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மீதிப் பேரில் ஒருவர் சாந்தோம் ஆரோக்கியநாதன். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். உலகத்து நதிகளெல்லாம் எங்கே பிறந்து எங்கே கலக்கின்றன என்பது அவருக்கு மனப்பாடம். அடையாற்றைத் தாண்டி அவர் அதிகம் போனதில்லை. எதிரே ஓர் ஆடு வந்தாலும் ஒதுங்கி வழிவிடும் சுபாவம். அப்படிப்பட்டவர் யுத்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளியானதற்கு ஒரு காடு காரணம்.

காடு அவருடையதன்று. அதே தெருவில் பெண்களுக்குப் பியானோ கற்றுக்கொடுத்துவந்த மதாம் எலோடி என்ற பிரெஞ்சு மாதுடையது. குண்டுக்குப் பயந்து குன்னூருக்குக் கிளம்பியபோது, ஓர் எண்ணெய்வர்ணப் படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்து ஆரோக்கியநாதனின் முன்னறையில் அந்த அம்மையார் இறக்கினார்.

"என் தகப்பனார் வரைந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காடு. போன யுத்தத்தில் பீரங்கி அடித்து, அதில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. இப்போது அந்தக் காடு இருக்கிற இடம் இது ஒன்றுதான். குன்னூர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். நான் திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்திருப்பீர்களா?" என்று கேட்டார்.

ஆரோக்கியநாதன் வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தார். வேதாகமத்தின் மேல் கை வைத்திருந்தால்கூட அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

போஸ்ட்-இம்ப்ரஷனிஸ்ட் என்று அந்த முறைக்குப் பெயராம். அடிமரங்கள் நீலம். தரை ஆரஞ்சு. நிழல் ஊதா. இலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. தூரிகையால் ஒத்தி ஒத்தி எடுத்த புள்ளிகளும் சிறு கோடுகளும்தான். கிட்டே போனால் மளிகைக் கடையில் பருப்பு மூட்டை அவிழ்ந்ததுபோல் இருக்கும். நாலடி தள்ளி உட்கார்ந்தால், மரங்களுக்கு இடையே வெயில் விழுந்து தரை சூடேறுவது தெரியும்.

"நீங்க பூகோள வாத்தியார்தானே? எந்த தேசத்துல நீல மரம் இருக்கு?" என்று கேட்டாள் அவர் மனைவி வெரோனிகா.

"பிரான்சில் இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"நான் போய்ப் பார்த்ததில்லையே, வெரோனி."

அவள் கேலி செய்தாலும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் அந்தப் படத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போடுவதைக் கண்டு, காபியை அங்கேயே கொண்டுவந்து வைக்கப் பழகிவிட்டாள். பிறகு தனக்கும் ஒரு முக்காலி போட்டுக்கொண்டாள். மரம் நீலமாக இருந்தால்தான் என்ன என்று அவளுக்கும் தோன்றிவிட்டது.

இப்படியிருக்க, ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு டார்ச் விளக்கு வந்து நின்றது. அதன் பின்னால் இரும்புத் தொப்பியுடன் மெஹபூப் பாஷா நின்றார். கச்சேரி ரோட்டில் தையற்கடை வைத்திருப்பவர். யுத்தம் வந்தபிறகு அந்தத் தெருவுக்கு வார்டன். எந்த வீட்டிலிருந்தும் வெளிச்சம் கசியக்கூடாது என்று பார்ப்பது அவர் உத்தியோகம்.

"சார், உள்ள வெளிச்சம் கீது," என்றார் பாஷா.

"விளக்கே ஏற்றவில்லையே, பாய்."

"வெளக்கு இல்ல சார். அதோ மரத்துக்கு நடுவுல. வெயில் அடிக்குது பாருங்க."

ஆரோக்கியநாதன் திரும்பிப் பார்த்தார். பாஷாவின் டார்ச் பட்ட இடத்தில் ஆரஞ்சு வர்ணம் தகதகவென்று இருந்தது.

"டார்ச்சை அணைச்சுப் பாருங்க, பாய். அதுவும் அணைஞ்சிரும்," என்றாள் வெரோனிகா.

"அணைச்சா இன்னாமா தெரியும்? வெளிச்சம் கீதான்னு பாக்கத்தானே டார்ச் குடுத்துகிறாங்க?"

"டார்ச்சும் வெளிச்சம்தானே?"

"அது கமிட்டி குடுத்தது. அதுலேர்ந்து வர்றது வெளிச்சம் இல்லமா, டூட்டி." பாஷாவின் குரலில் வருத்தம் இருந்தது. "சார், கோவிச்சுக்காதீங்க. நான் தெச்ச கோட்டைத்தான் நீங்க போட்டுக்கினு கீறீங்க. ஆனா பாத்துட்டேன். சொல்லாம இருக்க முடியாது."

சொல்லிவிட்டார். மறுவாரமே ஆரோக்கியநாதன், படத்துடன் கமிட்டி முன் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

தென்மயிலைக் கரையோர இருட்டடிப்புக் கமிட்டி, வடக்கு மாட வீதியில் ஒரு சத்திரத்தின் மாடியில் கூடுவது வழக்கம். தலைவர் ராவ் பகதூர் பத்ரிநாராயணன், ஓய்வுபெற்ற ஜட்ஜ். காரியதரிசி வெள்ளைத்துரை, ஓய்வுபெற்ற தந்தி மாஸ்டர். மற்ற அங்கத்தினர்கள் ஆமோதிப்பவர்கள். தலைவருக்கும் இரும்புத் தொப்பி உண்டு. ஆனால் அது தலைப்பாகையின் மேல் நிற்காது. தலைப்பாகையைக் கழற்றுவதோ அந்தஸ்துக்குப் பொருந்தாது. ஆகவே ஒரு சேவகன் அந்தத் தொப்பியைத் தலைவரின் தலைக்குச் சற்று மேலே, குடைபோல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

கூட்டம் இருட்டு அஞ்சலியுடன் தொடங்கும். ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகள் அந்த நேரத்தில்தான் வாசிக்கப்படும். இருட்டில் வாசிக்க முடியாதாகையால், வாசித்ததாகவே எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். அதன்பின் தலைவர் பேசுவார்.

"கனவான்களே," என்றார் பத்ரிநாராயணன். "எதிரி ஆகாயத்திலிருந்து பார்க்கிறான். அவனுக்கு நம் வீடுகள் தெரியக்கூடாது. நம் தெருக்கள் தெரியக்கூடாது. நாம் செய்யும் வேலை தெரியக்கூடாது. இந்தக் கமிட்டி ஏற்பட்ட நாளிலிருந்து நாம் செய்த வேலை எவருக்காவது தெரிந்ததுண்டா? இல்லை. எதிரிக்குத் தெரியவில்லை, ஊராருக்கும் தெரியவில்லை, சில சமயம் எனக்கே தெரிவதில்லை. இதைவிடப் பூரணமான இருட்டடிப்பு வேறு என்ன வேண்டும்?"

அங்கத்தினர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஆரோக்கியநாதன் மடியில் நிறுத்தியிருந்த படத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, ஒரு வார்த்தை. மாலையானதும் நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்."

"ஜன்னல்களுக்குத் தனி உபகமிட்டி. அதற்கு இன்னும் தலைவர் கிடைக்கவில்லை. அதுவரை ஜன்னலைச் சாத்தவும் திறக்கவும் யாருக்கும் அதிகாரமில்லை," என்றார் வெள்ளைத்துரை.

"படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிடுகிறேன்."

பத்ரிநாராயணன் சிரித்தார். "முப்பது வருஷம் பெஞ்சில் இருந்தவன் நான். குற்றவாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் குற்றம் போய்விடுமா?"

"கறுப்புத் துணியால் மூடிவிடுகிறேன்."

இதற்கு அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டணத்தில் கறுப்புத் துணிக்குத் தட்டுப்பாடு. கமிட்டிக்கு வந்த துணியெல்லாம் அங்கத்தினர்களின் கோட்டுகளுக்குப் போய்விட்டது. அவற்றைத் தைத்த பாஷா கதவோரத்தில் நின்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரீட்சை செய்து பார்த்துவிடுவோம்," என்றார் தலைவர். "இருட்டில் வெளிச்சம் வருகிறதா இல்லையா என்பதுதானே கேள்வி? ஜன்னல்களைச் சாத்துங்கள்."

உபகமிட்டி இல்லாத குறையை அப்போது யாரும் எண்ணவில்லை. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. மாடி கும்மிருட்டாயிற்று. படம் தெரியவில்லை, தலைவரும் தெரியவில்லை.

"ஒன்றும் தெரியவில்லை," என்றது ஓர் அங்கத்தினரின் குரல்.

ஆரோக்கியநாதனுக்கு நெஞ்சு லேசாயிற்று. தம் காடு தப்பித்தது என்று நினைத்தார். ஜன்னல்கள் திறந்தன. ஆரஞ்சுத் தரையும் மஞ்சள் வெயிலும் பழையபடி பளிச்சிட்டன.

"கவனித்தீர்களா, கனவான்களே? கமிட்டி பார்க்கும்போது அணைந்துகொள்கிறது. பார்த்து முடித்ததும் எரிகிறது. வெகு தந்திரமான வெளிச்சம்," என்றார் பத்ரிநாராயணன்.

"அணைந்து அணைந்து எரிவதா?" வெள்ளைத்துரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தின் அருகே குனிந்தார். இலைகள் இருந்த இடத்தை விரலால் தடவினார். அவர் முகம் மாறியது. "தலைவரவர்களே, இவை இலைகள் அல்ல. புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி. இது தந்தி."

மாடியில் பரபரப்பு உண்டாயிற்று. நாற்பது வருஷம் தந்தி கேட்ட விரல் தானாகவே மேஜையில் தட்டத் தொடங்கிற்று. வெள்ளைத்துரை இடப்பக்கத்து மரத்திலிருந்து வலப்பக்கத்து மரம்வரை வாசித்தார். வேர்வை துளிர்த்தது. கடைசியில் நிமிர்ந்தார்.

"மாமியாருக்குச் சீரியஸ். உடனே புறப்படவும்," என்றார்.

அங்கத்தினர்கள் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"யார் மாமியார்?" என்று கேட்டார் தலைவர்.

"அது சங்கேதமாக இருக்க வேண்டும்."

வெள்ளைத்துரை தம் உத்தியோக காலம் முழுவதும் கும்பகோணம் தந்தியாபீசில் அந்த ஒரு செய்தியைத்தான் அதிகமாகக் கையாண்டிருந்தார் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. எதிரியின் மாமியார் யார் என்பதைப் பற்றி அங்கத்தினர்கள் விவாதித்தார்கள். பாங்காக் என்றார் ஒருவர். ரங்கூன் என்றார் இன்னொருவர். ஆரோக்கியநாதன் இரண்டும் ஊர்களின் பெயர்கள் என்று பூகோளம் சொல்லிப் பார்த்தார். குற்றவாளி பேசக்கூடாது என்று உட்கார்த்திவிட்டார்கள்.

பிறகு தீர்மானம் நிறைவேறிற்று. மேற்படி காட்டில் காயும் சூரியன் உடனடியாக அணைக்கப்பட வேண்டும். அணைப்பதற்கு ஸ்விட்ச் எதுவும் காணப்படாமையால், படம் முழுவதும் தார் பூசப்பட வேண்டும். அதைக் கமிட்டியே நேரில் வந்து நிறைவேற்றும்.

ஆரோக்கியநாதன் படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தார். தார் பூசினால் மதாமுடைய தகப்பனாரின் காடு இரண்டாந் தடவையாக அழிந்துபோகும். முதல் தடவை அழித்தவர்களுக்குப் பீரங்கி தேவைப்பட்டது.

"ராத்திரியோட ராத்திரியா எங்கயாவது கொண்டுபோய் ஒளிச்சிடலாமா?" என்று வெரோனிகா கேட்டாள்.

"எங்கே ஒளிப்பது? நமக்கு வேண்டியவர்களெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். போதாததற்கு, படத்தைத் தேடி அவர்கள் டார்ச் அடித்துக்கொண்டு வருவார்கள்."

"சனியன் பிடிச்ச டார்ச்," என்றாள் வெரோனிகா. அன்று மாலை இருவரும் காபியைக் குடிக்காமல் படத்தின் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் மறுபடியும் மறுபடியும் அந்த நீல மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், மனப்பாடம் செய்துகொள்பவர்போல.

குறித்த காலையில் கமிட்டி ஊர்வலமாக வந்தது. முன்னால் பாஷா, அப்புறம் தொப்பி, அதன் கீழே தலைவர், பக்கத்தில் வெள்ளைத்துரை. எல்லோருக்கும் பின்னால், ரோடு போடும் வேலையிலிருந்து இழுத்துவரப்பட்ட தங்கவேல் தார் வாளியும் துடைப்பக்கட்டையுமாக வந்தான். அடையாற்றுக் கரைக் குடிசைக்காரன். முன்னறைக்குள் நுழைந்ததும் படத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இது மேலயா ஊத்தணும்? நல்லா கீதே சாமி. வெயில் அடிக்கிற மாதிரியே கீதே," என்றான்.

"சாட்சி சொல்லிவிட்டான், குறித்துக்கொள்ளும்," என்றார் தலைவர்.

தங்கவேல் துடைப்பக்கட்டையை வாளிக்குள் தோய்த்தான். ஆனால் பத்ரிநாராயணன் கையை உயர்த்தித் தடுத்தார். பெஞ்சில் இருந்த காலத்துப் பழக்கம் அவரை விடவில்லை.

"தண்டனைக்கு முன்னால், குற்றவாளி ஏதாவது சொல்ல விரும்புகிறதா என்று கேட்பது முறை."

கமிட்டி படத்தைப் பார்த்து நின்றது. மரியாதையாகக் காத்திருந்தது. படம் ஒன்றும் சொல்லவில்லை. தாரின் வாசனை அறையெங்கும் பரவியது.

அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், வாழ்நாளில் எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசியறியாத ஆரோக்கியநாதன் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"அதற்காக நான் சொல்கிறேன், ஐயா. இந்தக் காடு யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. இது எதிரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் சமாசாரம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான். ஊரெல்லாம் பயந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலும் பயம், கடையிலும் பயம். இங்கே வந்து இதன் முன்னே உட்கார்ந்தால் மட்டும் கொஞ்ச நேரம் பயம் இருப்பதில்லை. நாலு பேர் வந்தாலும் இதில் இடம் உண்டு. மரத்தடியில் ஒதுங்கின மாதிரி இருக்கும். அதைத் தாரால் மூடிவிட்டால் நாங்கள் எங்கே போய் ஒதுங்குவது?"

சொல்லி முடித்ததும் தாம் உளறிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவரின் காதருகே வெள்ளைத்துரை குனிந்தார். தலைவர் வெள்ளைத்துரையின் காதருகே குனிந்தார். சேவகன் தொப்பியை எந்தத் தலைக்கு மேல் பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் பிடித்தான்.

விஷயம் என்னவென்றால், குண்டு விழும்போது ஜனங்கள் பதுங்குவதற்குக் கமிட்டி எத்தனை புகலிடங்கள் அமைத்திருக்கிறது என்று மேலிடத்திலிருந்து அடிக்கடி கேள்வி வந்துகொண்டிருந்தது. கடற்கரையில் தோண்டிய குழியில் கடல் புகுந்துவிட்டது. தெற்கு மாட வீதியில் தோண்டியதில் முதலில் மழைத்தண்ணீரும் பிறகு ஓர் எருமையும் இறங்கின. தண்ணீர் வடிந்துவிட்டது, எருமை இன்னும் வெளியே வர மறுத்துக்கொண்டிருந்தது.

"ஒதுங்கலாம் என்றீரே," என்றார் பத்ரிநாராயணன், வெகு கனிவாக. "எத்தனை பேர்?"

"ஐயா?"

வெள்ளைத்துரை அதற்குள் நீல மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "ஒரு மரத்துக்குப் பின்னால் தாராளமாக இரண்டு பேர். தூரத்து மரங்களுக்குச் சின்னக் குழந்தைகள். கணக்குப் பார்த்தால் நாற்பது பேர், தலைவரவர்களே."

"ஆனால் சூரியன்?" என்று ஓர் அங்கத்தினர் ஞாபகப்படுத்தினார்.

"புகலிடத்துக்குள் ஒரு மங்கலான விளக்கு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது," என்றார் தலைவர். "இது காட்டுக்குள் இருக்கிற சூரியன். மரநிழலால் இயற்கையாகவே மங்கியிருக்கிறது. தொலைநோக்குள்ள ஓவியன்."

"தந்தி?"

"உடனே புறப்படவும் என்றுதானே இருக்கிறது?" என்றார் வெள்ளைத்துரை. "ஜனங்களைப் புகலிடத்துக்குப் புறப்படச் சொல்லும் அறிவிப்பு. நான் அன்றைக்கே சந்தேகப்பட்டேன்."

பத்ரிநாராயணன் நெஞ்சை நிமிர்த்தினார். "கனவான்களே, மற்றக் கமிட்டிகள் குழி தோண்டின. நாம் ஒரு வனத்தையே நிர்மாணித்திருக்கிறோம். இன்று முதல் இது கமிட்டியின் காடு. இதில் ஒரு கிளையை ஒடித்தாலும், ஓர் இலையைச் சுரண்டினாலும், அது யுத்தச் சட்டப்படி குற்றம்."

"அப்ப இந்தத் தாரு?" என்று கேட்டான் தங்கவேல்.

அதைக் கொண்டு ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினார்கள்: "காடு. நாற்பது பேர் பதுங்கலாம்."

ஆரோக்கியநாதன் அந்தப் பலகையை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு யுத்தம் அழித்த காட்டை இன்னொரு யுத்தம் காப்பாற்றிக்கொடுத்திருக்கிறது என்று மதாமுக்கு எழுதினால் அவர் நம்புவாரா? தமக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று வருந்துவார். எழுத வேண்டாம் என்று முடிவு செய்தார். காடு பத்திரமாக இருக்கிறது, அது போதும்.

அடுத்த ஞாயிறு காலை, பூசை முடிந்து ஜனங்கள் மாதா கோயிலிலிருந்து வரும் வேளையில் குண்டுவீச்சு ஒத்திகைச் சங்கு ஊதிற்று. பாஷா தெருவில் இருந்தவர்களையெல்லாம் முன்னறைக்குள் ஓட்டிவந்தார். பூசைக்குப் போனவர்கள், போகாதவர்கள், குப்பத்திலிருந்து கூடையோடு வந்துகொண்டிருந்த ஆப்பக்காரி தாயம்மா, ஒத்திகையை மேற்பார்க்க வந்த கமிட்டியார், எல்லோரும் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"இன்னா வாத்யாரே, காடுன்னு போர்டு போட்டுகிறே, ஒரு கொசுவைக்கூடக் காணோம்," என்றாள் தாயம்மா.

"படத்தைப் பாருமா, சும்மா இரு," என்று பாஷா அதட்டினார்.

"பாத்துக்கினுதான் கீறேன் நைனா. எனக்கு அந்த ஓரத்து மரம். கூடை வைக்க எடம் வேணும்."

"அது எங்க மரம். நாங்க முந்தியே பார்த்துட்டோம்," என்றான் ஒருவன்.

"உங்கப்பன் நட்டானா?"

மரத்துக்கு மரம் சண்டை வந்தது. வெள்ளைத்துரை எழுந்து ஒவ்வொருவருக்கும் மரம் ஒதுக்கிக் கொடுத்தார். எல்லாவற்றிலும் பருத்த நீல மரம் தலைவருக்கு. வெரோனிகா தன் முக்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். யாரும் காட்டுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது என்று உத்தரவாயிற்று.

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு அடங்கியது. கூடையிலிருந்து ஆப்பத்தின் வாசனை வந்தது. தங்கவேல்கூட எங்கிருந்தோ வந்து கதவோரத்தில் குந்தியிருந்தான். ஆரோக்கியநாதன் தம் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தத் தெருவே மதாமின் காட்டில் ஒதுங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்ரிநாராயணன் ஒரு தும்மல் போட்டார். "வனக் காத்து எனக்கு ஒத்துக்காது. ஆத்துல மப்ளரை மறந்து வச்சுட்டு வந்துட்டேன்," என்று வெள்ளைத்துரையிடம் முணுமுணுத்தார். வெள்ளைத்துரை தம் மேல்துண்டை எடுத்து அவர் காதைச் சுற்றிக் கட்டினார்.

அபாயம் நீங்கிய சங்கு ஊதிற்று. ஒருவரும் உடனே எழுந்திருக்கவில்லை. தாயம்மாதான் முதலில் பெருமூச்சுவிட்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் தலைவர் மட்டும் முக்காலியில் இருந்தார். சேவகன் தொப்பியைப் பிடித்துக் கை மரத்துப்போய் நின்றான். பத்ரிநாராயணன் மெதுவாக எழுந்தார். நீல மரங்களை இடமும் வலமுமாகப் பார்த்தார். பின்பு ஆரோக்கியநாதனைப் பக்கத்தில் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "ஏன் ஓய், இதிலேர்ந்து வெளியே போற வழி எது?" என்று கேட்டார்.

முக்காலியை எடுக்க வந்த வெரோனிகாவின் காதில் அது விழுந்துவிட்டது. அவள்தான் பதில் சொன்னாள்.

"வந்த வழியேதான் சார். வாசல்ல செருப்பு மட்டும் மாறிடாம பார்த்துப் போட்டுக்குங்க."